கிரீனுக்குப் பத்தடி வெளியே

கோல்ஃப் மைதானத்தில் வில்மா கூர்லி அடிக்கிற முதல் அடியை நின்று பார்க்க வேண்டும். பிட்லோகன் ஊரில் ஆம்பிளைகளே வயிறெரிகிற அடி அது. பள்ளிக்கூடச் சமையலறையில் அண்டா அண்டாவாக உருளைக்கிழங்கு மசித்து உரமேறிய தோள். மட்டை ஒரு சுற்று சுற்றி வரும், பந்து கடற்காற்றைக் கிழித்துக்கொண்டு போய் நட்ட நடுப்புல்லில் விழும். இரண்டாவது அடியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வில்லங்கமெல்லாம் அதற்கப்புறம்தான்.

குழியும் கொடியும் இருக்கிற அந்த வழவழப்பான புல்வட்டத்துக்கு, கிரீனுக்கு, பத்தடி வெளியே பந்து கிடக்கும். ஒரு குழந்தை விளையாட்டாகத் தட்டினாலும் குழிப்பக்கம் போய் நின்றுவிடும். அங்கேதான் வில்மாவுக்குக் கை உதறும். ஒரு தடவை மட்டை பந்துக்குப் பின்னாலேயே மண்ணில் குத்திக்கொள்ளும், பந்து இருந்த இடத்தைவிட்டு அசையாது. அடுத்த தடவை பந்தின் மண்டையில் பட்டு, அது கிரீனைத் தாண்டி, அந்தப் பக்கத்து மணற்குழியைத் தாண்டி, கிளப் சமையலறையின் பின்கதவில் போய் மோதும். சமையல்காரர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "வில்மாவா? வந்ததுதான் வந்தே, ஒரு வாய் சூப் குடிச்சிட்டுப் போ" என்பார். ஊரே சிரிக்கும். வில்மாவும் சிரிப்பாள், வேறென்ன செய்ய.

சிரிக்காத ஆள் ஒருத்தி உண்டு. ரோனா மெக்கை. தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். குள்ளம், ஒல்லி, முதுகு வளையாது. கோல்ஃப் விதிகள் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். மணற்குழியில் எவளாவது மட்டையைத் தரையில் வைத்துவிட்டால் நூறு கஜத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். வில்மா டூகலைக் கட்டிக்கொண்டது இருபத்தாறு வயதில். ரோனாவோடு ஜோடி சேர்ந்து ஆட ஆரம்பித்தது அதற்கும் முன்னால். வில்மாவின் அம்மா படுக்கையில் கிடந்த வருஷம் முழுக்க, ரோனா ஒவ்வொரு வியாழனும் வாசலில் வந்து நிற்பாள். "கிளம்பு" என்பாள். இரண்டு பேரும் பதினெட்டுக் குழியையும் பேச்சில்லாமல் ஆடிவிட்டு வருவார்கள். அந்த வருஷம் பைத்தியம் பிடிக்காமல் தப்பித்தது அந்த வியாழக்கிழமைகளால்தான் என்று வில்மா டூகலிடமே சொல்லியிருக்கிறாள்.

எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஜோடிக் கோப்பைதான் பெரிய கோப்பை. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பந்து. ஒருத்தி அடித்தால் அடுத்த அடி மற்றவளுடையது, அதற்கடுத்தது மறுபடி இவளுடையது, பந்து குழியில் விழுகிறவரைக்கும். குறைந்த அடியில் போடுகிற ஜோடிக்கு அந்தக் குழி, அதிகக் குழி எடுத்தவர்களுக்கு ஆட்டம். நீ புதரில் போட்டால் நான் போய் முள்ளில் நின்று எடுக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி இதே மாதிரி ஆடுகிற கலப்புப் போட்டி ஒன்று ஆகஸ்டில் நடக்கும். அன்று ராத்திரி ஊரில் பாதி வீட்டில் பேச்சுவார்த்தை இருக்காது.

வில்மாவும் ரோனாவும் மூன்று தடவை இறுதி ஆட்டம்வரை போயிருக்கிறார்கள். மூன்று தடவையும் சொல்லி வைத்த மாதிரி, கிரீனுக்குப் பக்கத்தில், வில்மாவின் கை. ரோனா திட்டமாட்டாள். சட்டைப் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கடலைப் பார்ப்பாள், அவ்வளவுதான். நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டிருந்தால் வில்மாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

நவம்பரில் ஒரு நாள் கனடாவில் இருக்கிற மகனுக்குப் பார்சல் அனுப்ப வில்மா தபால் ஆபீஸ் போனாள். ரோனா பார்சலைத் தராசில் வைத்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"ஃபெனெல்லா என்கிட்ட வந்து கேட்டா."

ஃபெனெல்லா ஊருக்குப் புதிதாக வந்த மாட்டு டாக்டர். உயரம், சிரித்த முகம், சுத்தமான ஆட்டம்.

"என்ன கேட்டா?"

"அவ ஜோடி கிர்ஸ்டி வர்ற சீசன் முடிஞ்சதும் அபர்டீன் போயிடறாளாம். அப்புறம் என்னோட ஆடறியான்னா."

"நீ என்ன சொன்னே?"

"வர்ற சீசன் நான் வில்மாவோடதான்னேன்." ரோனா பார்சலில் ஸ்டாம்பை ஒட்டி, கட்டை விரலால் அழுத்தினாள். "வில்மா, எனக்கும் வயசாகுதுடி. சாகறதுக்குள்ள ஒரு தடவை அந்தக் கோப்பையைத் தூக்கணும். இந்தத் தடவை ஜெயிச்சா அப்புறம் நாம பல்லு போறவரைக்கும் ஆடலாம். இல்லன்னா அதுக்கடுத்த வருஷம் நான் அவளோட போறேன். முதுகுக்குப் பின்னால செய்யப் பிடிக்கல, அதான் சொல்லிட்டேன்."

"சரி" என்றாள் வில்மா. வீட்டுக்கு வந்து, போட்டிருந்த கோட்டைக் கழற்றாமலே அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கப்பல் கவிழ்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து டூகல், பார்சல் கட்டணம் ஏறிவிட்டதா என்று கேட்டான். மனுஷன் நல்லவன், ஆனால் அவ்வளவுதான் எட்டும்.

அன்றைக்குத் தொடங்கியது வில்மாவின் குளிர்காலம். எப்படியாவது அந்தப் பத்தடியைச் சரி பண்ண வேண்டும். இந்த விஷயம் எப்படியோ ஊருக்குக் கசிந்தது. அவ்வளவுதான், ஊரில் ஒருத்தர் பாக்கியில்லாமல் வாத்தியார் ஆகிவிட்டார்கள். எங்கள் ஊரில் மூச்சு விடத் தெரியாதவன்கூட கோல்ஃப் சொல்லிக் கொடுப்பான்.

கறிக்கடை அலிக் கல்லாப்பெட்டிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, ஒரு முழச் சாஸேஜை மட்டை மாதிரிப் பிடித்துக்கொண்டு நின்றான். "உடம்பு பாரம் மொத்தமும் இடது கால்ல இருக்கணும் வில்மா. இப்படி. வலது கால் சும்மா பேருக்கு." பின்னால் வரிசையில் நின்ற கிழவர் ஒருவர், இடது கால் இல்லை, வலது கால்தான் என்றார். இரண்டு பேருக்கும் வாக்குவாதம் முற்றி, வில்மா வாங்க வந்த ஆட்டுக்கறி வாங்காமலே திரும்பினாள். பாதிரியார் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது, "மட்டையப் பின்னால கொண்டு போகும்போது மூச்ச உள்ள இழுத்து, முன்னால வரும்போது விடணும்மா" என்று காதோடு சொன்னார். பல் டாக்டர் இன்னும் மோசம். அவள் வாயை ஆவென்று திறக்க வைத்து, உள்ளே கொக்கியை விட்டுக்கொண்டு, "மணிக்கட்டு ஆடவே கூடாது, புரியுதா?" என்றார். வில்மா ஆவென்றாள்.

எல்லாவற்றையும் செய்து பார்த்தாள், பாவம். இடது காலில் நின்று, மூச்சை இழுத்து, மணிக்கட்டை விறைத்துக்கொண்டு, கடைசியில் பந்து எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிடும்.

டூகல் தன் பங்குக்குக் கிறிஸ்துமஸுக்கு ஒரு புது மட்டை வாங்கிக் கொடுத்தான். வெட்ஜ் என்கிறார்களே, அந்த வகை. அதன் முகம் சூப்புக் கரண்டி மாதிரி மல்லாந்து கிடக்கும். டிவியில் வருகிற ஆட்டக்காரர்கள் எல்லாம் அதை வைத்துத்தான் பந்தை வீட்டுக்கூரை உயரத்துக்குத் தூக்கி, குழிக்குப் பக்கத்தில் பொத்தென்று இறக்குகிறார்கள். வில்மா வீட்டுக்குப் பின்னால், நாலு குடும்பமும் துணி காயப்போடுகிற புல்வெளியில், துணிக்கூடையை வைத்துப் பழகினாள். பந்து கூடையில் விழவில்லை. பக்கத்து வீட்டு ஓகில்வி அம்மாளின் வெள்ளைப் படுக்கை விரிப்பில் வட்ட வட்டமாகச் சேறு விழுந்தது. ஓகில்வி அம்மாள் ஜன்னலைத் திறந்து, "உனக்கு என் மேல ஏதாவது கோபம்னா நேராச் சொல்லிடு வில்மா" என்றாள்.

பிப்ரவரி வாக்கில் வில்மாவுக்கு நம்பிக்கை அற்றுப்போயிற்று. ராத்திரிச் சாப்பாட்டுக்கு நடுவில் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஃபெனெல்லா நல்ல பொண்ணுதான்" என்றாள். டூகலுக்கு எதுவும் புரியவில்லை, ஆமாம் என்றான்.

அப்புறம் ஒரு புதன்கிழமை. பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு. கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும். பிள்ளைகள் வரிசையில் தள்ளிக்கொண்டு நிற்கின்றன. வில்மா தட்டில் பரிமாறி, அந்த நீள எவர்சில்வர் மேடையில் ஒரு தள்ளு தள்ளுவாள். தட்டு வழுக்கிக்கொண்டே போய், மேடைக் கோடியில் நிற்கிற பிள்ளையின் கைக்கு நேராக நிற்கும். குழம்பு ஒரு சொட்டு சிந்தாது. எத்தனையோ வருஷமாகச் செய்கிற வேலை. அன்றைக்குத்தான் அவள் தன் கையைத் தானே கவனித்தாள். தட்டை அவள் பார்க்கவே இல்லை. எங்கே போய் நிற்க வேண்டுமோ அந்த இடத்தைத்தான் பார்க்கிறாள். தூக்கி எறியவில்லை, தள்ளுகிறாள், மீதியை மேடை பார்த்துக்கொள்கிறது. வில்மா கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"என்ன வில்மா, அடுப்பை அணைக்காம வந்துட்டியா?" என்றாள் பக்கத்தில் பட்டாணி போடுகிறவள். வரிசை கதவுவரை நீண்டுவிட்டது.

சாயங்காலம் நேரே மைதானத்துக்குப் போனாள். வெட்ஜை வீட்டிலேயே விட்டுவிட்டாள். பையில் அடியில் கிடந்த பழைய ஏழாம் நம்பர் மட்டை, முகம் அவ்வளவாகச் சாயாதது. எங்கள் ஊர்த் தரை கடலோரத் தரை, ஆட்டுக்குட்டி மேய்ந்த மாதிரி ஒட்டக் கத்தரித்த புல், அடியில் மணல். பந்து அதில் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் உருளும். அதை எதற்கு வானத்துக்குத் தூக்கிக் காற்றின் கையில் கொடுக்க வேண்டும்? பந்தை வலது காலுக்கு நேராக வைத்துக்கொண்டாள். கிரீன் தொடங்குகிற ஓரத்தில் ஒரு பழுத்த புல்லைப் பார்த்துக்கொண்டாள். கையை முறுக்காமல் ஒரு தள்ளு. பந்து முழங்கால் உயரத்துக்குக்கூட எழும்பவில்லை. அந்தப் பழுத்த புல்லுக்குப் பக்கத்தில் விழுந்து, மீதி வழியை உருண்டு கடந்து, கொடிக்கு ஓரடி முன்னால் நின்றது. வில்மா யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள். ஒரு நாய் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது.

இருட்டுகிறவரை அடித்தாள். எல்லாப் பந்தும் ஓரடிக்குள் நின்றது என்று நான் புளுகமாட்டேன். சிலது தாண்டிப் போனது, சிலது பாதியில் படுத்துக்கொண்டது. ஆனால் ஒன்றுகூட மண்ணில் குத்திக்கொள்ளவில்லை, ஒன்றுகூட சூப்பு கேட்டு ஓடவில்லை. கை நடுங்கவில்லை. அதுதான் விஷயம். அதற்கப்புறம் மழையோ பனியோ, சாயங்காலம் ஆனால் வில்மாவை அங்கேதான் பார்க்கலாம். டூகலுக்கு மட்டும் வருத்தம். "நான் வாங்கிக் குடுத்தது?" என்றான். "கொட்டகைக் கதவு காத்துல அடிச்சுக்குது, அதுக்கு முட்டுக் குடுத்திருக்கேன். கச்சிதமா நிக்குது" என்றாள் வில்மா.

ஏப்ரலில் போட்டி ஆரம்பித்தது. முதல் ஆட்டத்தில் கிரீன் ஓரத்தில் வில்மாவின் முறை வந்தபோது, ரோனா வழக்கம்போலப் புதினா மிட்டாயைக் கையில் எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள். பந்து உருண்டு போய்க் குழிப்பக்கம் நின்றது. ரோனா அந்தப் பந்தைப் பார்த்தாள், வில்மாவைப் பார்த்தாள்.

"காத்து நமக்குச் சாதகமா இருந்துச்சு" என்றாள்.

"காத்தே இல்லையேடி."

"அதத்தான் சொல்றேன்."

அடுத்த ஆட்டத்திலும் அப்படித்தான், அதற்கடுத்ததிலும். ரோனா ஒரு தடவைகூட நன்றாக அடித்தாய் என்று சொல்லவில்லை. வாய்விட்டுச் சொன்னால் நம்பிவிடுவோம், அப்புறம் இறுதி ஆட்டத்தில் அது காலை வாரிவிடும் என்று பயந்தாளோ என்னவோ. மூன்று தடவை சூடு பட்டவள். வில்மா விளங்கிக்கொண்டாள், ஆனால் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை, இறுதி ஆட்டம். எதிரே யார் என்று சொல்லவே வேண்டாம், ஃபெனெல்லாவும் கிர்ஸ்டியும்தான். காலையில் கவிந்திருந்த கடல்மூட்டம் பத்து மணிக்கு விலகியது. சுவர் ஓரமாக ஊர்சனம் பிளாஸ்கும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்திருந்தது. அலிக் கடையைச் சாத்திவிட்டு வந்திருந்தான். "இடது கால், வில்மா" என்று கத்தினான். "வலது கால்" என்றார் அந்தக் கிழவர்.

ஆட்டம் இழுபறி. பதின்மூன்றாவது குழியில் பந்து மேட்டுக்கு அந்தப் பக்கம் கிடந்தது. வில்மா ஏழாம் நம்பரால் ஒரு தள்ளுத் தள்ளினாள். அது மேடேறி, இறங்கி, வளைந்து, குழிவாயில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. ஃபெனெல்லா கைதட்டினாள். பதினாறில் மறுபடி அதே மாதிரி ஒன்று. பதினேழு முடியும்போது இரு பக்கமும் சமம். கடைசிக் குழியை யார் எடுக்கிறார்களோ அவர்களுக்குக் கோப்பை. அதோடு ரோனா யாரோடு என்பதும் அங்கேயே முடிவாகிவிடும். வில்மாவுக்குப் பயமில்லை. எனக்கு ஒரு பந்து வரட்டும் என்று நினைத்துக்கொண்டாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, கிரீனுக்குப் பத்தடி வெளியே ஒரு பந்து தன் முறைக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

பதினெட்டில் முதல் அடி வில்மாவுடையது. அடித்தாள் பாருங்கள், சுவரில் உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள் டீயை வாயில் வைத்துக்கொண்டே முழுங்காமல் பார்த்தார்கள். இரண்டாவது ரோனாவுடையது. சுலபமான தூரம், தூக்கத்தில்கூட அடிப்பாள். அந்தக் கிரீனை ஒட்டி இடப்பக்கமாக ஒரு ஓடை போகிறது. இத்தனை வருஷத்தில் ரோனா அந்த ஓடையில் பந்து போட்டு யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குப் போட்டாள். பந்து இடப்பக்கமாக வளைந்து, கரையில் ஒரு தரம் குதித்து, தண்ணீரில் விழுந்தது.

ரோனா முகத்தில் ஈயாடவில்லை. விறுவிறுவென்று நடந்தாள். விதிப்படி ஓர் அடி தண்டனை, புதுப் பந்தைக் கரையில் போட வேண்டும். போட்டாள். கிரீனுக்குப் பத்தடி வெளியே. ஃபெனெல்லாவும் கிர்ஸ்டியும் மூன்று அடியில் கிரீனில் ஏறிவிட்டார்கள். அவர்கள் பந்து குழியிலிருந்து கொஞ்சம் தூரத்தில் கிடந்தது.

வில்மா ஏழாம் நம்பரை உருவிக்கொண்டு வந்தாள். பந்து எங்கே விழ வேண்டும் என்று ஒரு இடத்தைக்கூடப் பார்த்து வைத்துவிட்டாள். புல்லில் ஒரு சின்னப் பழுப்பு. கை குளிர்ந்து, அமைதியாக இருந்தது.

"தள்ளு" என்றாள் ரோனா. "இது என்னோடது."

"உன்னோடதா?"

"நீ ஒண்ணு, நான் ரெண்டு, தண்டனை மூணு. நாலாவது யாரோடது? என்னோடது. தள்ளுடி."

விதியென்றால் ரோனா, ரோனாவென்றால் விதி. வில்மா தள்ளி நின்றாள். ரோனா கீழுதட்டைக் கடித்துக்கொண்டு தட்டினாள். பந்து கிரீனில் ஏறி, உருண்டு, கொடிக்கம்பில் மோதி, குழியில் விழுந்தது.

சுவர்ப்பக்கம் ஒரே ஆரவாரம். அலிக் பிளாஸ்கைக் கவிழ்த்துவிட்டான். ஃபெனெல்லா இப்போது ஒரே தட்டில் போட்டால்தான் சமம், தட்டினாள், பந்து குழி விளிம்பைத் தொட்டுத் தாண்டியது. சிரித்தபடியே வந்து ரோனாவுக்குக் கை கொடுத்தாள். கிர்ஸ்டியும் கொடுத்தாள். வில்மாவின் கையைப் பிடித்து யாரோ குலுக்கிக்கொண்டிருந்தார்கள். வில்மா இன்னொரு கையால் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

நான் ஒன்று. ரோனா இரண்டு. தண்டனை மூன்று. அந்த மூன்றாவதை யார் அடித்தது? யாருமே அடிக்கவில்லை. அது வெறும் கணக்கு. தண்ணீரில் போட்டது ரோனா. அப்படியானால் அடுத்து அடிக்க வேண்டியது மற்றவள். முறை தவறி அடித்தால் அந்தக் குழி எதிராளிக்கு. இதே விதியைச் சொல்லித்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் கலப்புப் போட்டியில் பாதிரியாரிடமிருந்தும் அவர் மனைவியிடமிருந்தும், எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த ரோனா ஒரு குழியைப் பிடுங்கி எதிராளிக்குக் கொடுத்தாள். பாதிரியாரம்மா அதற்கப்புறம் ஆறு மாதம் தபால் ஆபீஸ் பக்கம் வரவில்லை, ஸ்டாம்புக்குப் பக்கத்து ஊர் போனாள்.

வில்மா சுற்றிப் பார்த்தாள். யாருக்கும் தோன்றவில்லை. ரோனா கண்ணில் தண்ணீர் நிற்கிறது. அவள் சிரித்து வில்மா பார்த்தே வெகுநாள் ஆகிறது. வாயைத் திறக்காவிட்டால் கோப்பை உண்டு, ரோனா உண்டு, வியாழக்கிழமை உண்டு, பல் போகிறவரைக்கும் ஆடலாம். திறந்தால் எல்லாம் போயிற்று, ரோனா அடுத்த வருஷம் அந்த உயரமான பெண்ணோடு போய்விடுவாள். இதெல்லாம் ஒரு நொடியில் அவள் மனசில் ஓடியது. அந்தக் கோப்பை ரோனா வீட்டு அலமாரியில் உட்கார்ந்து, டீ குடிக்கும்போதெல்லாம் தன்னையே பார்க்கும் என்பதும் ஓடியது. கொஞ்சம் ஆத்திரமும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். அது என் பந்து, அதை எப்படி நீ எடுத்துக்கொள்ளலாம் என்கிற ஆத்திரம்.

"டாக்டரம்மா, ஒரு நிமிஷம்" என்றாள். "அந்தப் பந்து நான் அடிச்சிருக்கணும். தண்ணியில போட்டது ரோனா. முறை என்னோடது. குழி உங்களுக்கு."

ஃபெனெல்லா ரோனாவைப் பார்த்தாள். எல்லாரும் ரோனாவைத்தான் பார்த்தார்கள். ரோனாவின் உதடுகள் அசைந்தன, எண்ணினாள். அவள் முகம் வெளுத்துக்கொண்டே போனது.

"வில்மா சொல்றது சரி" என்றாள். குரல் தபால் ஆபீஸ் குரல், ஒரு பிசிறில்லை. தொப்பியைச் சரி செய்துகொண்டு, திரும்பி ஓடைப்பக்கம் நடந்தாள்.

கோப்பை ஃபெனெல்லாவுக்குப் போனது. அவள் சந்தோஷமாக இருந்தாள் என்று சொல்ல முடியாது. கோப்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வில்மாவைத் தேடி வந்தாள். ரோனா நாலடி தள்ளித்தான் நின்றிருந்தாள். ஃபெனெல்லா அதைக் கவனித்தாளோ இல்லையோ, மெதுவாகப் பேசத் தெரியாத பெண்.

"அடுத்த வருஷம் எனக்கு ஜோடி வேணும். ரோனாவைக் கேட்டு வச்சிருந்தேன், உண்மைதான். ஆனா இன்னிக்குப் பதிமூணுல நீங்க அடிச்சதப் பார்த்தேன், பதினாறுலயும் பார்த்தேன். நீங்க வர்றீங்களா?"

"யோசிச்சுச் சொல்றேன் டாக்டரம்மா" என்றாள் வில்மா. மரியாதைக்குச் சொன்னதுதான்.

எல்லாரும் டீக்கும் கேக்குக்கும் உள்ளே போய்விட்டார்கள். ஓடைக்கரையில் இரண்டு பேர் மட்டும். ரோனா தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள். வில்மா பக்கத்தில் போய் நின்றாள்.

"நீ வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்" என்றாள் ரோனா.

"இருந்திருக்கலாம்."

"கோப்பை வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

பிறகு வில்மாவால் அடக்க முடியவில்லை.

"கோப்பை போனதுக்காக எனக்கு ஒரு வருத்தமும் இல்லடி. குளிர்காலம் பூரா மழையில நின்னு நான் எதுக்குப் பழகினேன்? இந்த ஒரு பந்துக்காக. கடைசிக் குழி, கடைசி நேரம், என் முறை. எனக்குக் கை நடுங்கல ரோனா. எங்க விழணும்னு இடம்கூடப் பார்த்து வச்சிருந்தேன். நீ வந்து தள்ளுன்னுட்டே. இத்தனை வருஷம் ஆகியும் நீ என்னை நம்பல. அதான் வலிக்குது."

ரோனா கைக்குட்டையை எடுத்தாள், மூக்கைத் துடைத்தாள், மடித்து வைத்தாள்.

"எனக்கு எண்ணிக்கை தப்பாதுடி. தபால் ஆபீஸ்ல கேட்டுப் பாரு. இன்னிக்குத் தப்பிடுச்சு. ஏன்னு இவ்வளவு நேரமா யோசிச்சிட்டு இருக்கேன். எப்படியாவது அது என் பந்தா இருக்கணும்னு நெனச்சேன். அதனால என் பந்தாப் போச்சு. உன்னை நம்பலதான். ஏப்ரல்லேர்ந்து கண்ணால பார்த்துக்கிட்டே நம்பல. நான் பண்ணது தப்பு."

ரோனா மன்னிப்புக் கேட்டு வில்மா கேட்டதே கிடையாது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவள் தன் மட்டையைப் பார்த்தாள். ரோனா சட்டைப் பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, அதே இடத்தில், கிரீனுக்குப் பத்தடி வெளியே போட்டாள்.

"அடி. நான் பாக்கணும்."

வில்மா பந்தைப் பார்த்தாள். அந்தப் பழுப்புப் புல் இன்னும் அங்கேயேதான் இருந்தது. கொடிக்கம்பு காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அடித்திருந்தால் நன்றாகத்தான் போயிருக்கும்.

"மாட்டேன்" என்றாள். "இது சும்மா பந்து. அடுத்த வருஷம் அடிக்கிறேன்."

"யாரோட?"

இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை வில்மா கேட்டதில்லை. முதுகு வளையாத ரோனா, ஊரையே அதட்டுகிற ரோனா, பதிலுக்காகப் பயந்துகொண்டு நின்றாள். வில்மாவுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

"உன்னோடதான், வேற எவளோட?" என்றாள். "ஆனா இதே மாதிரி தண்ணியில போட்டுட்டு என்னை நிக்க வச்சே, அப்புறம் நான் ஃபெனெல்லாவோட போயிடுவேன்."

ரோனாவுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. குனிந்து அந்தப் பந்தை எடுத்தாள். தன் பைக்குள் போடாமல் வில்மாவின் கையில் வைத்தாள்.